அதில் சேராது

"சத்தியமா நான் அது மேல உட்காரலை" என்று கணவர் பஸ் ஏறியதிலிருந்து நாலாவது முறையாகச் சொன்னார். சர்வீஸ் சென்டர் கவுண்டர் முன்னால், டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

அவள் நம்பவில்லை. நேற்று வெளியே போய் வந்து சோபாவில் வைத்த லேப்டாப் பை. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் திரையில் மூலைக்கு மூலை விரிசல். அந்த வீட்டில் நாள் முழுக்க சோபாவில் உட்காருகிற ஆள் ஒருவர்தான்.

பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள் அவள். மூன்று மாதம் அலைந்து பிடித்த பதிப்பகத்தில் இன்று நாலு மணிக்குப் படங்களைத் திறந்து காட்ட வேண்டும். காட்டினால் வருஷம் முழுவதும் வேலை. இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மணி இப்போதே ஒன்றே முக்கால்.

கவுண்டர்க்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "யாரும் உட்காரலை மேடம். உட்கார்ந்திருந்தா மூடியே வளைஞ்சிருக்கும். பையில சார்ஜரையும் கூட வெச்சீங்களா? அதுதான் அழுத்தியிருக்கு. புதுத் திரை எங்ககிட்டயே ஸ்டாக் இருக்கு, அரை மணி நேர வேலை."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கணவரைச் சந்தேகப்பட்டதற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. "அப்ப உடனே மாத்திடுங்க. வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது, வாரண்டி இருக்கு."

"வாரண்டி இருக்கு. ஆனா…" அவர் பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்றை எடுத்து வாசித்தார். "'சாதாரணப் பயன்பாடு என்பது சமமான மேசை மேல் வைத்துத் திறத்தல், மூடுதல் ஆகும். எடுத்துச் செல்லுதல் அதில் சேராது.'"

"எடுத்துட்டுப் போகத்தானேங்க இவ்வளவு மெல்லிசா பண்ணி விக்கிறீங்க! விளம்பரத்துல ஒரு பொண்ணு இதை ரெண்டு விரல்ல பிடிச்சுக்கிட்டு ஓடுறாளே?"

"ஓடுறாங்க மேடம். பையில வைக்கலையே."

"மேசையிலயேதான் வைக்கணும்னா, அப்புறம் எதுக்கு மடிக்கணினின்னு பேரு?"

அவர் தாளைத் திருப்பினார். அதற்கும் ஒரு வரி தயாராக இருந்தது. "'மடி என்பது பெயரில் உள்ள சொல் மட்டுமே. அதை அறிவுரையாகக் கொள்ளக் கூடாது.'"

பக்கத்தில் கணவரின் உதடுகளும் கூடவே அசைந்தன. பாவம், தனக்காகக் கடவுளை வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தாள்.

வெளியில் வாயில்லாப் பூச்சி. ஏதேதோ கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கிற வேலை. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால், "வெளியில சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்பார். வீட்டில் மட்டும் வாய் கிழியும். போன வாரம் மழையில் துணியெல்லாம் நனைந்து கிடந்தபோது, "காயப்போடத்தான் சொன்னே. எடுக்கறது அதுல சேராது" என்றவர்.

ஆனாலும் இந்த லேப்டாப்பை வாங்கும்போதே, "வேற கம்பெனி பாரேன், கொஞ்சம் தடியா" என்று முனகினார். ரசனை கெட்ட மனுஷன் என்று அன்றைக்குத் திட்டினாள். இப்போது அதற்கும் சேர்த்து மனசு கஷ்டப்பட்டது.

"விதி அப்படி, மேடம். காசு கட்டி மாத்தறதுன்னா நாப்பதாயிரம் ஆகும். நான் என்ன பண்றது?" என்றார் கவுண்டர்க்காரர்.

"என் தலைவிதின்னு சொல்லுங்க. சரி, பையில வைக்கக் கூடாது. தலையில வெச்சு எடுத்துட்டுப் போகட்டுமா?"

அவர் நிஜமாகவே தாளை மேலிருந்து கீழ் வரை தேடினார். "தலையைப் பத்தி ஒண்ணும் போடலை மேடம்."

மணி இரண்டு. அவள் கவுண்டரில் ஓங்கித் தட்டினாள். "இந்த விதியை எழுதின மகானுபாவன் யாருங்க? கையில மட்டும் கிடைச்சான்னா…"

"விடும்மா, போகலாம்" என்று கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. உங்களை மாதிரி நல்லவங்க வாயை மூடிக்கிட்டுப் போறதாலதான் அவனுங்க இப்படி எழுதித் தள்றானுங்க."

கவுண்டர்க்காரருக்கே இரக்கம் வந்துவிட்டது. "எனக்கு வாசிக்கறது மட்டும்தான் வேலை மேடம். சந்தேகம்னா எழுதினவர்கிட்டயே கேட்கலாம்னு நம்பர் குடுத்திருக்காங்க. அவர் சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே மாத்தித் தந்துடறேன்." கவுண்டர் போனில் எண்களை அழுத்தி, ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"நான் போய் வண்டியை எடுத்து வெக்கறேன்" என்று கணவர் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"என்ன வண்டி? பஸ்ஸுலதானே வந்தோம்?"

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையாலும் பையைப் பொத்திக்கொண்டார். அது நிற்காமல் அடித்தது.

அவள் ரிசீவரைப் பார்த்தாள். சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு ரிசீவரைக் காதில் வைத்து, கணவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எடுங்க. கஸ்டமர் பேசறேன்."