கடல் தெரியாத வீடு

"இந்த வீடும் சரிப்படாது" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பால்கனிப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மனைவி பால்கனியில்தான் நின்றிருந்தாள். கீழே கடல், பகல் தூக்கம் கலையாத மாதிரி மெல்லப் புரண்டுகொண்டிருந்தது.

வேலை பார்த்த காலமெல்லாம் ஜன்னலே இல்லாத பதிவறையில் கழித்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே கண் விழிக்க வேண்டும், அது எந்த நாடானாலும் சரி என்பது அவளுடைய ஒரே ஆசை. அதற்காகத்தான் கடல் தாண்டி இந்த ஊருக்கு வீடு பார்க்க வந்திருந்தார்கள்.

நின்ற கொஞ்ச நேரத்துக்குள் அவள் அங்கே பாதி வாழ்ந்தே முடித்துவிட்டாள். இந்த மூலையில் சாய்வு நாற்காலி. அந்தக் கம்பியில் காயும் துண்டு. கையில் காப்பி ஆறிப்போனால்கூடப் பரவாயில்லை, எதிரே கடல் இருக்கிறதே. கனவுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை.

"இதுல என்ன குறைச்சல்?" என்றாள், உள்ளே வராமலே.

"லிஃப்ட் சின்னது."

லிஃப்ட் பொருத்துகிற வேலையிலேயே தலை நரைத்தவர் அவர். பார்க்கப் போன வீட்டிலெல்லாம் இதே கூத்துதான். லிஃப்டுக்குள் போய்க் கைகளை அகட்டி நிற்பார், ஒரு சுற்றுச் சுற்றுவார், வெளியே வந்து மறுபடியும் போவார். குளியலறைக் கதவு நிலையைச் சாண் போட்டு அளப்பார். வாசற்படியைக் காலால் தட்டி உதட்டைப் பிதுக்குவார். தொழில் புத்தி எங்கே போகும் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

வீட்டுத் தரகர் அம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இப்போது அதுவும் வற்றிப்போயிருந்தது. ஐயா வீடு வாங்க வந்திருக்கிறாரா, லிஃப்ட் வாங்க வந்திருக்கிறாரா என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இவள் மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள். அந்த ஊரில் எல்லாத் தெருவும் கடலைப் பார்த்தே சரிந்தது. காற்றில் உப்பு வாசம். மாடிகளில் வெள்ளைத் திரைகள் உப்பி உப்பித் தணிந்தன. ஒவ்வொரு மாடியிலும் அவள் தன்னையே உட்கார்த்திப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கூடவே மனசு பொருமியது. இந்த மனுஷனுக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறாள், இவருக்குத் தெரியுமா?

அவளுடைய அக்காவுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. உடம்புக்கு முடியாமல் அக்கா அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து கீரியும் பாம்பும்தான். டிவி சத்தத்துக்குச் சண்டை, ஃபேன் வேகத்துக்குச் சண்டை. சண்டைக்கு விஷயம் இல்லையென்றால் அதற்கும் ஒரு சண்டை.

கடைசிக் காலத்திலாவது மனுஷன் நிம்மதியாக இருக்கட்டும் என்று, அக்காவைத் தன் தம்பி வீட்டில் விடுவதற்கு அவளே பேசி முடித்துவிட்டாள். தாயில்லாத அவளைத் தூக்கி வளர்த்த அக்கா. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. புது வீடு அமைந்ததும் நல்ல நேரம் பார்த்துச் சொல்லி, அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தாள். இவ்வளவு செய்தவள் ஒரு பால்கனி கேட்கக் கூடாதா?

கடைசியாகப் பார்த்தது தெருவோடு ஒட்டிய ஒரு தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கடல் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

லிஃப்ட்காரர் உள்ளே போனார். ஒவ்வொரு அறையிலும் ஒரு சுற்றுச் சுற்றினார், குளியலறைக்குள் போய் வந்தார். இதையே முடித்துவிடலாம் என்று தரகரிடம் தலையாட்டினார்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "கடலே தெரியாத வீடு எனக்கு எதுக்குங்க? வாழ்க்கையில நான் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்."

"தெரியும்மா." அவர் குரல் இறங்கியது. "உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அந்த மாடி வீடுகள்ல உங்க அக்காவோட வீல்சேர் போகாது. லிஃப்டுக்குள்ள தள்ளினா கதவு மூடாது. பாத்ரூம் நிலை இடிக்கும். இங்க பாரு, வாசல்ல படியே இல்ல. பின்பக்கச் சந்துல போனா நேரா கடற்கரை நடைபாதை. சாயந்தரம் ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டுப் போறேன்."

உங்களுக்கும் அக்காவுக்கும்தான் ஆகாதே என்று அவள் முனகினாள்.

"ஆகாதுதான். அதுக்காக விட்டுட்டு வந்துட முடியுமா? சண்டை போட எனக்கும் வேற யாரு இருக்கா?"

சிரித்தபடியே அவர் தன் போனில் அக்காவை அழைத்து அவள் கையில் கொடுத்தார். "வீடு அமைஞ்சிடுச்சுன்னு நீயே சொல்லு. நான் சொன்னா ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டு இப்பவே ஆரம்பிச்சுடுவாங்க."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊரிலிருந்து கிளம்பிய அன்று, அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரும் கம்பலையுமாக அவள் சொல்லிவிட்டு வந்தது இதுதான்:

"உன்னை விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்லக்கா. அவர்தான் நீ கூட வரவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்."