தொப்பூரில் நின்ற லாரி

சங்ககிரி லாரி ஓட்டுநர் செங்கோடனின் புதிய சிறுநீரகம் என் ஆய்வக மேசையில்தான் வளர்ந்தது. அவருடைய தோல் செல்லிலிருந்து தொடங்கி, கண்ணாடிக் குடுவைக்குள் பட்டாணி அளவுக்கு வந்திருந்தது. அதன் மரபணுக்களில் எவை விழித்தன, எவை உறங்கின என்று தினமும் காலையில் பார்த்து அவருக்குச் சொல்வது என் வேலை.

முப்பத்தோராம் நாள், செல்களைப் பெருகச் சொல்லும் மரபணு உறங்கியிருக்க வேண்டும். அது உறங்கினால்தான் வடிகட்டிகள் உருவாகும். உறங்கவில்லை. விதிப்படி குடுவையைக் கொட்டிவிட வேண்டும்.

போனில் சொன்னேன். ஆறு வருடமாகச் சிறுநீரே பிரியாமல், டயாலிசிஸும், நாளுக்கு அரை லிட்டர் தண்ணீருமாக வாழ்ந்த மனிதர்; ஆனாலும் கோபப்படவில்லை.

"என்னுதுதானுங்க அம்மிணி, அப்படித்தான் இருக்கும். நானே நாள் தள்ளிப் பொறந்தவன். இன்னும் ரெண்டு நாள் உடுங்க."

மேலதிகாரியிடம் சண்டை போட்டு இரண்டு நாள் வாங்கினேன். இரண்டாம் நாள் காலை அந்த மரபணு உறங்கியிருந்தது.

முழுதாக வளர்ந்த சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்தி எட்டு மாதமாகிறது. நேற்று மத்தியானம் அழைத்தார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"தொப்பூர்ல வண்டிய ஓரங்கட்டிட்டனுங்க அம்மிணி."

பதறிவிட்டேன். "உடம்புக்கு என்னங்க?"

"உடம்பு நல்லாருக்குதுங்க. மறுபடி வண்டி எடுத்து இதான் மொத லோடு. ஒண்ணுக்கு முட்டிட்டு வந்துருச்சு! இதுக்குன்னு வண்டிய நிறுத்தி எத்தன வருசமாச்சு! உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லோணும்னு தோணுச்சு."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"இப்ப ஒரு சொம்புத் தண்ணியும் குடிச்சுட்டனுங்க," என்றார். "தருமபுரில மறுக்கா நிறுத்தோணும்."