கரடி கடித்த வர்க்கி

குன்னூரில் அம்புரோஸ் வீட்டுச் சமையலறை ஜன்னலைக் கரடி உடைத்துவிட்டுப் போயிருந்தது. காலையில் பார்க்க வந்தார் வனக்காவலர் முத்துராஜ். தரையில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் டப்பாக்கள் இரண்டு உருண்டு கிடந்தன. ஒன்று சுத்தமாகக் காலி. மற்றதில் ஒரே ஒரு வர்க்கியைக் கடித்துத் துப்பியிருந்தது.

“நாலு பேக்கரியத் தாண்டி இங்க வந்திருக்குதுங்க!” அம்புரோஸ் மீசையைத் தடவிக்கொண்டார். “முப்பது வருசக் கைப்பக்குவமுங்க. காலி பண்ணுனது என்னுது. துப்புனது மருமக போட்டது. இப்பத்தான் பழகறா.”

மருமகள் ஹன்னா தலை நிமிராமல் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“வாசத்துக்குத்தானுங்க வருது. அதுக்குப் புடிச்ச டப்பாவ பீரோவுல வெச்சுப் பூட்டிருங்க” என்றபடி, துப்பிய வர்க்கி கிடந்த டப்பாவை எடுத்துத் திருப்பினார் முத்துராஜ். அடியில் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது: ‘அம்புரோஸ்.’

மருமகளுடையதோடு கலந்துவிடக் கூடாதென்று போன வாரம் அவரே எழுதியது.

துடைப்பம் நின்றது. அம்புரோஸ் டப்பாவைப் பார்த்தார், ஹன்னாவைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த பீரோ சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“உன்னுத உள்ள வெச்சுப் பூட்டு கண்ணு. என்னுது வெளியவே கெடக்கட்டும்.”

முத்துராஜ் பக்கம் திரும்பியபோது அவர் மீசை இன்னும் முறுக்கேறியிருந்தது.

“ரிப்போர்ட்டுல நல்லா எழுதிக்கங்க. கரடி நாலு பேக்கரியத் தாண்டி வந்தது எம் மருமக வர்க்கிக்குங்க!”