இன்னும் கிளம்பல

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மாமியாரும் மருமகளும் மட்டும். மாமியாருக்கு மூச்சு வாங்கியது. இன்ஹேலர் ஐந்தாவது மாடியில், வீட்டில் இருந்தது.

மருமகள் கணவனை போனில் அழைத்தாள்.

“இதோ, வந்துட்டே இருக்கேன். தெருமுனைக்கு வந்தாச்சு!” என்றான். பின்னால் ஆபீஸ் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

“என் பிள்ளை இன்னும் சீட்டை விட்டே எழுந்திருக்க மாட்டான்” என்றார் மாமியார், மூச்சிரைப்புக்கு நடுவே.

சுவரிலிருந்த எண்ணைப் பார்த்து மருமகள் லிஃப்ட் மெக்கானிக்கை அழைத்தாள். “அத்தைக்கு மூச்சு முட்டுது. இன்ஹேலர் மேல அஞ்சாவது மாடி வீட்ல இருக்கு. அங்க என் பொண்ணு மட்டும்தான் இருக்கா. எங்க இருக்கீங்க?”

“இன்னும் கிளம்பலம்மா. பைக்கை எடுக்கறேன்.”

“வந்துட்டே இருக்கேன்னு ஒரு பேச்சுக்காவது சொல்லக்கூடாதா?”

“கிளம்பினதும் சொல்றேம்மா.”

கிளம்பியதும் சொன்னார். சிக்னலில் நின்றபோதும் சொன்னார். அதன்பின் போன் வரவில்லை. அவளே பொறுக்காமல் கூப்பிட்டாள்.

“இப்ப எங்க?”

“உங்க வீட்டு வாசல்லம்மா.”

“அங்க என்னய்யா வேலை? நாங்க இங்கல்ல மாட்டிக்கிட்டிருக்கோம்!” கோபத்தில் போனை வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் தலைக்கு மேலிருந்த தகடு விலகியது. ஒரு கை உள்ளே இறங்கியது. அதில் மாமியாரின் இன்ஹேலர்.

“உங்க பொண்ணுகிட்ட வாங்கிட்டு வந்தேம்மா. முதல்ல இதைக் கொடுங்க.”

மருந்தை உறிஞ்சியதும் மாமியாருக்கு மூச்சு சீரானது. அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: “கதவு எப்ப தம்பி திறக்கும்?”

“தெரியலம்மா. பார்த்துட்டுதான் சொல்ல முடியும்.”

மாமியார் நிம்மதியாகத் தரையில் உட்கார்ந்து, மருமகளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

“தெரியலன்னு சொல்லுது பாரு. இந்தப் பிள்ளை திறந்துடும்.”