பல்லிக்குக் கூட்டம்

"இன்னைக்கும் அந்தப் பல்லிக்குத்தான்டி கூட்டம்" என்று தோழி கமலவேணி சொன்னதும், தர்ஷினிக்கு வாயில் போட்ட தயிர்சாதம் இறங்கவில்லை.

கல்லூரி கம்ப்யூட்டர் துறையில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டே நாளில் ஆளுக்கொரு கேம் செய்ய வேண்டும். அதை லேபில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த வாரம் முழுக்க யார் வேண்டுமானாலும் வந்து ஆடி மார்க் போடலாம். இருபது பேராவது மார்க் போட்டால்தான் கேம் நடுவர்களிடம் போகும். இல்லாவிட்டால் அத்தோடு சரி.

விளம்பரம் எல்லாம் வெளியில். லேபுக்குள் ஆடுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மார்க் கேட்கக் கூடாது. அது போட்டியை நடத்தும் தேவகி மேடம் போட்ட ரூல்.

தர்ஷினி செய்தது பஸ் கேம். செக்கிங் ஏறுவதற்குள் கண்டக்டர் நெரிசலில் புகுந்து எல்லோருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட வேண்டும். தினமும் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவள் அவள். அந்த நெரிசலை அப்படியே கொண்டுவந்திருந்தாள். இரண்டு நாளும் பொட்டுத் தூக்கமில்லை.

ஸிந்துஜா என்ன செய்தாள்? சுவரில் ஒரு பல்லி. பூச்சி வந்தால் லபக். அவ்வளவுதான்.

'சின்ன காஞ்சிபுரத்துக்காரிக்குக் கோயில் பல்லியை விட்டா வேற என்ன தோணும்?' என்று முதல் நாள் சிரித்தவள்தான் தர்ஷினி.

இப்போது சிரிப்பு வரவில்லை. பல்லிக்கு இருபது எப்போதோ தாண்டிவிட்டது. பஸ்ஸில் ஏறத்தான் ஆளில்லை. நாளையோடு கெடு முடிகிறது.

அவள் செய்யாத விளம்பரமா? கேன்டீன் சுவரில் போஸ்டர் ஒட்டினாள். தெரிந்த நம்பருக்கெல்லாம் எஸ்.எம்.எஸ். ஆர்குட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஸ்க்ராப். வாசலில் மடக்கி மடக்கி, "என் கேம் ஆடிட்டியாபா?" என்று கேட்டாள். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நேற்றிலிருந்துதான் ஒன்றிரண்டு மார்க் விழ ஆரம்பித்திருந்தது. எல்லாம் போஸ்டர் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

ஸிந்துஜா ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டவில்லை.

காலையில் எதிரே வந்தபோது, "பஸ் எப்பிடிடி போவுது?" என்று வேறு கேட்டாள்.

"நல்லாத்தான் போவுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள் தர்ஷினி. என்ன குத்தல்!

"அவளுக்கு மட்டும் எப்பிடிடி இவ்ளோ பேர் வராங்க?" என்றாள் இப்போது, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

"இப்ப லேபுக்குப் போய்ப் பாரு. உனக்கே தெரியும்" என்றாள் கமலவேணி.

தர்ஷினி போனாள். கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

வேலாயுதம் உட்கார்ந்திருந்தான். ஃபைனல் இயர். ஜூனியர்களை ஏறெடுத்தும் பார்க்காதவன். அவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸிந்துஜா. தர்ஷினிக்கு மானிட்டரின் முதுகுதான் தெரிந்தது. ஸிந்துஜா விரலை நீட்டி ஏதோ காட்டினாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில், "போட்டுட்டேம்மா மார்க்" என்ற அவன் குரல் வெளியே வரை கேட்டது. அவள் எழுந்து ஸ்டூலோடு அடுத்த ஆளிடம் போனாள்.

தர்ஷினி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நேராக தேவகி மேடத்திடம் ஓடினாள்.

"மேடம், ஸிந்துஜா லேபுக்குள்ள கேன்வாஸ் பண்ணிக்கினு இருக்கா. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து மார்க் போட வெக்கறா."

"நெஜமாவா?"

"என் கண்ணால பாத்தேன் மேடம். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? அந்த கேமைத் தூக்கிடணும் மேடம்."

மேடம் எழுந்து லேபுக்கு வந்தார். தர்ஷினி பின்னாலேயே வந்தாள்.

"ஸிந்துஜா, நீ கேன்வாஸ் பண்ணியா?"

ஸிந்துஜா தர்ஷினியை ஒரு தடவை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"பண்ணேன் மேடம்."

"பாத்தீங்களா மேடம்?" தர்ஷினிக்குக் குரலே மாறிவிட்டது.

வேலாயுதம் நாற்காலியைத் திருப்பினான். "மேடம், ஒரு நிமிஷம். எங்க கேமையெல்லாம் இந்தப் பொண்ணுதான் மொதல்ல வந்து ஆடிச்சு. சும்மா பேருக்கு இல்ல, கடைசி வரைக்கும். என் கேம்ல கதவு மாட்டிக்குதுன்னு சொன்னதே இதுதான். நம்மள மதிச்சு ஆடியிருக்குதேன்னு நாங்களாதான் போய்ப் பல்லியை ஆடினோம். அதுக்கு யாரும் எங்களை மார்க் கேக்கல."

"அப்ப இப்ப பக்கத்துல உக்காந்துக்கினு எதுக்கு மார்க் கேட்டா?" என்றார் மேடம்.

"அது வந்து மேடம்..." ஸிந்துஜா இழுத்தாள். "பஸ் கேமுக்கு."

தர்ஷினி நிமிர்ந்தாள்.

"சூப்பரா இருக்குது மேடம் அந்த கேம். ஆனா மொத ஸ்டாப்புலயே எல்லாரும் தோத்துட்டு, மார்க்கே போடாம மூடிட்டுப் போயிடறாங்க. அதத் தாண்டிட்டா விட மாட்டாங்க. அதான் நேத்துலேர்ந்து ஒவ்வொருத்தரையா பிடிச்சு அதத் தாண்ட வெச்சு, மார்க் போடச் சொல்லிக்கினு இருந்தேன். இருபது வரலன்னா வீணாப் போயிடுமேன்னு ரூலை யோசிக்கல மேடம். அவளுக்கு இது எதுவும் தெரியாது."

தர்ஷினி வேலாயுதத்தின் மானிட்டரைப் பார்த்தாள். அதில் அவளுடைய கண்டக்டர் நெரிசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். இந்த வாரம் முழுக்க, தான் ஒருத்தர் கேமையும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தேவகி மேடம் லேபின் மெயின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மௌஸைக் கையில் எடுத்தார்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். சொல்லும்மா தர்ஷினி, எந்த கேமைத் தூக்கட்டும்?"