வரைந்தவர்

"அஞ்சு போடு. அதுவே ஜாஸ்தி," என்றான் கண்ணாடி.

கேப்டன் ஐந்து போட்டாள். இறுதியாண்டு ப்ராஜெக்டில் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று குழுத் தலைவர்தான் நூறு மதிப்பெண்ணைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தனக்கு ஐம்பது, கண்ணாடிக்கு நாற்பத்தைந்து. மீதி ஐந்து விருந்தாளிக்கு. மூன்று வாரமாகப் பட்டறை ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"பத்துக்குக் கீழ போனா அடுத்த வருஷம் மறுபடி முதல்லேர்ந்து செய்யணும் அவன்."

"செய்யட்டும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு இவனப் பாத்துதான் சொல்லி வெச்சாங்க."

படியேறும் தள்ளுவண்டி அவர்களுடையது. அதன் அச்சு பாதி கனத்தில் கடைந்து வந்தது. வரைபடத்தில் விட்டம் எழுத வேண்டிய இடத்தில் ஆரம் எழுதியிருந்ததாம். வரைபடம் தப்பானால், மூலையில் 'வரைந்தவர்' கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மூன்று வாரம் பட்டறைக்குள் இடமில்லை. இறுதி மதிப்பெண்ணிலும் பத்து போகும்.

"நீ சரியாத்தான் போட்டிருந்தே. நான் படியெடுத்ததுல மாறிடுச்சு," என்று அன்று வந்து சொன்னான் விருந்தாளி. முகத்தில் வருத்தமே இல்லை. "நான் உள்ள வராட்டி என்ன? நீ இருக்கியே, வண்டி வேலை நிக்காது."

கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

அறிக்கையோடு வைக்க வரைபடங்கள் வேண்டும். வாங்கிவரப் பட்டறைக்குப் போனாள். கடைசல்காரர் ஆணியில் குத்தியிருந்த வரைபடக் கட்டை உருவிக் கொடுத்தார்.

"எண்ணிக்கம்மா. ஆறு. கெட்டுப்போன அச்சோடதும் இருக்கு."

"அது வேணாம்ண்ணே."

"எனக்கு மட்டும் எதுக்கு? எடுத்துட்டுப் போ. அப்படியே ஜன்னல்ல வந்து நிக்குமே, அந்தத் தம்பிகிட்ட என் பசை டப்பாவைக் கேளு."

"பசையா?"

"அச்சை வாங்க வந்த அன்னிக்குத்தான். கையில எடுத்துப் பார்த்தான், தாளைப் பார்த்தான். மேற்பார்வையாளர் வர்றதுக்குள்ள குடுங்கண்ணே, தாள் கிழிஞ்சிருக்குன்னு ஒரே பறப்பு. வாங்கிட்டுப் போனவன்தான்."

கேப்டன் தாளைப் புரட்டிப் பார்த்தாள். எங்கும் கிழிசல் இல்லை.

படத்தில் அச்சின் மேல், 24 இருக்க வேண்டிய இடத்தில், பேனாவால் 12 என்று எழுதியிருந்தது. இரண்டின் வால் ஒரு சுழி சுழித்து மேலே ஏறியிருந்தது. அவள் பள்ளியிலிருந்தே அப்படித்தான் எழுதுவாள்.

மூலைக் கட்டத்தில் விருந்தாளியின் பெயர். விரலால் தடவினாள். அந்த இடம் மட்டும் தடித்திருந்தது.

திரும்பி வந்தபோது கவரைத் திறந்து வைத்துக் காத்திருந்தான் கண்ணாடி.

"கொண்டா, போட்டு ஒட்டிடலாம். நாலு மணிக்குள்ள சார் மேசைல இருக்கணும்."

"பேனா குடு."

"இன்னும் என்ன? அஞ்சை மூணாக்கப் போறியா?"

அவள் பேனாவை வாங்கினாள். ஐந்துக்கு முன்னால் ஒரு மூன்று போட்டாள். தன் ஐம்பதை அடித்து இருபது என்று எழுதினாள். கண்ணாடி எட்டிப் பார்ப்பதற்குள் தாளை மடித்தாள்.

"ஒரு நிமிஷம். டேப் எடுத்துட்டு வந்துடறேன்," என்று அவன் எழுந்து போனான்.

கெட்டுப்போன அச்சின் வரைபடத்தை எடுத்து மற்ற ஐந்துக்கும் மேலே வைத்தாள். மூலையில் ஒட்டியிருந்த துண்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, அடியில் இருந்த பெயர் கிழியாமல், மெல்ல உரிக்க ஆரம்பித்தாள்.