ஒரு வருட சப்போர்ட்

விழுப்புரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அக்னஸ், கல்யாண ஆல்பம் சாப்ட்வேரோடு சேர்த்துக்கொள்ளும் டிசைன் சிடியை வாங்கியதே, பெட்டியில் ‘ஒரு வருட சப்போர்ட்’ என்று போட்டிருந்ததால்தான்.

முதல் மாதம் படங்களின் ஓரம் வெட்டுப்பட்டது. அவளே நோண்டிச் சரிசெய்து, விற்றவனுக்கும் போனில் சொல்லிக்கொடுத்தாள். “நீங்க கெட்டிக்காரங்க!” என்றான்.

அடுத்த மாதம் ‘உரிமம் செல்லாது’ என்று சொல்லி சிடி படுத்துவிட்டது. விற்றவன் போனையே எடுக்கவில்லை. பெட்டியிலிருந்த சப்போர்ட் நம்பருக்கு அடித்தாள்; ஒருவர் எடுத்தார்.

“வித்துட்டா ஆச்சா? ஞாயித்துக்கிழம ஆல்பம் குடுக்கணுங்க!” என்று கத்தியவள் அழுதேவிட்டாள்.

“மன்னிச்சிக்கங்க மேடம். பாத்துக்கினுதான் இருக்கேன்.”

நாலு நாளும் இதே பதில். ஐந்தாம் நாள் விலாசம் கேட்டு, திண்டிவனத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அங்கே இருந்ததும் ஒரு சின்ன ஸ்டூடியோதான். போனில் பேசிய பச்சைமுத்து எழுந்து கும்பிட்டார். அவருடைய கம்ப்யூட்டரிலும் ‘உரிமம் செல்லாது’.

“நானும் காசு குடுத்து வாங்கினவன்தாங்க. ஒருதபா தமிழ் எழுத்து ஒடஞ்சி வந்துது. நானே சரிபண்ணி, வித்தவனுக்கும் சொன்னேன். ‘நீங்க கெட்டிக்காரங்க’ன்னான். அப்புறம் வந்த பொட்டியில எல்லாம் என் நம்பரு.”

“எனக்குத் தெரியாதுன்னு போன வெச்சிட வேண்டியதுதானே?”

“நீங்க அழுதீங்களே மேடம்.”

அக்னஸின் கைப்பையில் போன் அடித்தது. புது நம்பர்.

“சப்போர்ட்டுங்களா? மேல்மலையனூரு ஸ்டூடியோங்க. பொட்டியில இந்த நம்பர்தான் போட்டிருக்குது. நாளைக்கு ஆல்பம் குடுக்கணும்…” அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது.

அக்னஸ் பச்சைமுத்துவைப் பார்த்தாள்.

“மன்னிச்சிக்கங்க மேடம்,” என்றாள் போனில். “பாத்துக்கினுதான் இருக்கேன்.”